ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா? மும்பை வீட்டுக்கு பூஸ்டர் பம்ப் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாட்டுங்காவில் நான்கு தளக் கட்டடம் ஒன்றின் மேல் தளத்தில் வாடகைக்குக் குடிவந்த புதிது. ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த ஆர்.ஓ. ஃபில்டரை மாட்டியாச்சு. இரவு பத்து மணிக்கு ஆன் செய்தால் காலையில் பாதி டேங்க்கூட நிறையவில்லை. மெக்கானிக் வந்தார், இரண்டு நிமிடம் பார்த்தார், "மோட்டார் கயா" என்றார். புது பம்ப், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி சொட்டு.

இது என் சொந்தக் கதை. பழைய பம்ப் நன்றாகத்தான் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. அது ஜூலை மாதம். மழைத் தண்ணீரோடு வந்த வண்டல் செடிமென்ட் ஃபில்டரை அடைத்திருந்தது. பம்ப் மாற்றும்போது குழாய்களைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் சேறு வெளியேறியது, அதனால் ஒரு வாரம் ஓடியிருக்கிறது. நூறு, இருநூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை.

மும்பையில் வேலைக்கு வரும் தமிழர்களில் பலர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாராவியில் ஒரு மாதிரி, மாட்டுங்காவில் ஒரு மாதிரி, செம்பூர் டவரில் இன்னொரு மாதிரி. தண்ணீர் ஒன்றுதான், அது குழாயில் வந்து நிற்கும் அழுத்தம்தான் வேறு. பம்ப் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதும் அந்த அழுத்தம்தான்.

முதலில், ஆர்.ஓ. தேவையா?

பம்ப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேட்டே ஆகவேண்டும். ஏனென்றால் வீட்டு ஃபில்டரில் அதிக அழுத்தம் கேட்பது ஆர்.ஓ. மெம்பிரேன் மட்டும்தான்.

மும்பைக்குத் தண்ணீர் தருவது ஏழு ஏரிகள்: மேல் வைத்தர்ணா, மோதக் சாகர், தான்சா, மத்திய வைத்தர்ணா, பாத்சா, விஹார், துளசி. விஹாரும் துளசியும் மட்டும் நகரத்துக்குள் இருக்கின்றன. மற்ற ஐந்தும் வெளியே, நூறு கிலோமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ தொலைவில். எல்லாமே மழை நீர். பாண்டுப்பிலும் பஞ்சராப்பூரிலும் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். கரைந்த உப்பு இதில் மிகக் குறைவு. டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு 500. நம்ம ஊர் போர் தண்ணீரில் ஆயிரத்தைத் தாண்டிய எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

இந்தத் தண்ணீரில் உப்பை எடுக்க ஒன்றுமில்லை. பிரச்சினை கிருமிதான், அதுவும் பெரும்பாலும் குழாயிலும் தொட்டியிலும் சேரும் கிருமி. அதற்கு யூ.வி. அல்லது யூ.எஃப். போதும். 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் இந்தக் காரணத்தால்தான். கொட்டிப் போகும் தண்ணீர்தான் அங்கே முக்கிய வாதம்.

விதிவிலக்கு உண்டு. செம்பூரிலும் மற்ற இடங்களிலும் சில சொசைட்டிகள் மாநகராட்சித் தண்ணீர் போதாமல் டேங்கரையும் போர்வெல்லையும் சேர்த்துக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில் டேங்கர் உரிமையாளர்கள் சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் பலருக்குத் தங்கள் கட்டடத்தில் டேங்கர் தண்ணீர் எவ்வளவு கலக்கிறது என்பதே தெரிந்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் இருந்தால் சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்க. எண் 500-ஐத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நூறிலேயே நின்றால் பம்ப் செலவோடு ஆர்.ஓ. செலவும் மிச்சம். டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருக்கிறதே என்று அப்படியே குடித்துவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் அழுத்தம் எவ்வளவு? ஒரு மனக்கணக்கு

அழுத்தமானி வாங்கிக் குழாயில் மாட்டிப் பார்க்கலாம். அது இல்லாமலும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளில், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் சமையலறைக் குழாய்க்கும் இடையே எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்க. ஒவ்வொரு மீட்டருக்கும் 1.42 பி.எஸ்.ஐ. பத்து மீட்டர் என்றால் 14 பி.எஸ்.ஐ., மெக்கானிக் பாஷையில் ஒரு கிலோ.

மாட்டுங்காவின் பழைய நான்கு தளக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மேல் தளத்தில் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று, நான்கு மீட்டர்தான் இருக்கும். அதாவது 4 முதல் 6 பி.எஸ்.ஐ. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் சுமார் 13 மீட்டர், 18 பி.எஸ்.ஐ. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் மாளா மேல் வைத்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வந்தால் இரண்டு பி.எஸ்.ஐ. தேறினாலே பெரிய விஷயம். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் என்றால் பூஜ்யம்.

செம்பூரில் இருபது மாடி டவரின் கீழ்த் தளங்களில் கதை தலைகீழ். 60 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் நேராக இறங்கினால் 85 பி.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டிய கட்டடங்களில் நடுவே அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்திருப்பார்கள். அது பழுதாகி, ஃபில்டரின் ட்யூப் பிய்த்துக்கொண்டு சமையலறை முழுக்க வெள்ளமாகும் வீடுகளும் உண்டு. அங்கே பூஸ்டர் பம்ப் வாங்குவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வைத்தான் மாட்ட வேண்டும்.

இப்போது மெம்பிரேன் பக்கம் வருவோம். வீட்டு மெம்பிரேன்களில் 75 ஜி.பி.டி. என்று போட்டிருக்கும். ஒரு நாளைக்கு 75 அமெரிக்க கேலன், அதாவது 284 லிட்டர், மணிக்குச் சுமார் 12 லிட்டர். இது 50, 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்துச் சோதித்த எண். அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 20 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு நான்கு லிட்டர். ஐந்தில் ஒரு லிட்டர் வந்தால் அதிர்ஷ்டம்.

தண்ணீர் குறைவதோடு விஷயம் முடியவில்லை. மெம்பிரேன் வழியாக உப்பு கசிவது அழுத்தத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, அது தன் போக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கடந்து வரும் தண்ணீர் மட்டும் குறைவதால், அதே உப்பு குறைந்த தண்ணீரில் கலக்கிறது, சுத்திகரித்த தண்ணீரின் டி.டி.எஸ். ஏறுகிறது. கழிவும் அதிகமாகிறது. கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் நிமிடத்துக்கு 450 மில்லி என்றால், நல்ல அழுத்தத்தில் மணிக்கு 27 லிட்டர் வெளியே போக 12 லிட்டர் குடிக்கக் கிடைக்கும். அழுத்தம் விழும்போது கழிவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒரு லிட்டர் குடிக்க நான்கு லிட்டருக்கு மேல் கொட்ட வேண்டிவரும். ஆக, ஆர்.ஓ. வேண்டும் என்று முடிவாகிவிட்டால் மும்பையின் பெரும்பாலான வீடுகளில் பம்ப் இல்லாமல் நடக்காது. புதிதாக வாங்கும் ஆர்.ஓ.க்களில் பம்ப் உள்ளேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை. தனி பம்ப் தேவைப்படுவது பழையதை மாற்றும்போது, அல்லது யூ.வி. ஃபில்டருக்குத் தண்ணீர் ஏறாதபோது.

பம்ப் மேல் பழி போடுவதற்கு முன்

என் இரண்டாயிரம் ரூபாய் உங்களுக்கு மிச்சமாகட்டும். ஃபில்டர் மெதுவானால் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் வெளியே தொங்கும் ப்ரீ-ஃபில்டர் கிண்ணத்தைத் திறங்க. உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டை காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தால் மாற்றுங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கெல்லாம் உதவாது, கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அடுத்து செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள். ஒவ்வொன்றின் வெளிவாயையும் கழற்றி ஒரு பக்கெட்டில் விட்டுப் பார்த்தால் எதில் தண்ணீர் நின்றுபோகிறது என்று தெரிந்துவிடும்.

அதிலும் பிரச்சினை இல்லையென்றால் அடாப்டர். பம்புக்கு 24 வோல்ட் தரும் சின்னப் பெட்டி. மல்டிமீட்டர் வைத்திருக்கும் நண்பர் ஆபீசில் நிச்சயம் ஒருவர் இருப்பார். பம்ப் ஓடும்போது 24-க்குப் பதில் 17, 18 காட்டினால் குற்றவாளி அடாப்டர்தான், பம்ப் அல்ல. கடைசியாகத்தான் பம்ப். அதன் வெளிக்குழாயைக் கழற்றி விட்டு ஓட விடுங்க. எதிர்ப்பு இல்லாமல் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தாராளமாகக் கொட்டினால், விரலால் வாயை அடைத்தால் நன்றாகத் தள்ளினால், அது நல்ல பம்ப். சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு தள்ளவில்லை என்றால் உள்ளே டயாஃப்ரமோ வால்வோ போய்விட்டது.

வாரண்டியோ ஏ.எம்.சி.யோ நடப்பில் இருந்தால் நீங்களே திறக்காமல் அவர்களைக் கூப்பிடுவது நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று, மேலே சொன்னதை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்க.

எந்த பம்ப்?

கடையில் பெயர்கள் நிறைய. ஆனால் வீட்டு ஃபில்டரில் ஓடுவது எல்லாம் ஒரே வகை, டயாஃப்ரம் பம்ப். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலிருந்து இரண்டாயிரம் வரை ஆகும். நாக்தேவி தெரு மாதிரியான இடங்களில் நேரில் வாங்கினால் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது ஸ்டிக்கரில் உள்ள எண்களை. மெம்பிரேன் 75 ஜி.பி.டி. என்றால் பம்பும் 75, அதிகபட்சம் 100. "பெரிசா போட்டா சீக்கிரம் நிறையும்" என்பார்கள். நிறையும்தான், ஆனால் அழுத்தம் நூறைத் தாண்டினால் இணைப்புகள் கசியத் தொடங்கும். மெம்பிரேன் முன்னால் 60 முதல் 80 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும். வோல்ட் 24-ஆ, 36-ஆ என்று பழைய பம்ப், அடாப்டர் இரண்டிலும் பார்த்துவிட்டு வாங்குங்க. அடாப்டரின் ஆம்பியர், பம்பும் சோலனாய்டு வால்வும் சேர்ந்து கேட்பதை விட அதிகமாக இருக்க வேண்டும். பம்ப் 1.2 ஆம்பியர் என்றால் 1.5-க்குக் குறைவான அடாப்டர் சூடாகிச் சாகும். இரண்டு, இரண்டரை என்றால் நிம்மதி. மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பம்ப் இழுப்பது சுமார் 30 வாட், தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

டிரம்மிலிருந்து உறிஞ்ச வேண்டும் என்றால் 'செல்ஃப் ப்ரைமிங்' என்று கேட்டு வாங்குங்க. அப்படிப்பட்ட பம்ப் ஒரு மீட்டர் கீழேயிருந்து தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். மற்றவை காற்றை மென்றுகொண்டு நிற்கும்.

யூ.வி. ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல யூ.வி. கருவிகள் குறைந்தபட்சம் 0.4 கிலோ, அதாவது 6 பி.எஸ்.ஐ. அருகே எதிர்பார்க்கும். மேல் தள வீட்டில் அது கிடைக்காமல் சிவப்பு விளக்கு எரியும். உடனே ஒரு ஆர்.ஓ. பம்பை மாட்டிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். யூ.வி. விளக்கு கிருமியைக் கொல்வது, தண்ணீர் அதன் அருகே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கென்று செய்த அறையில் இரண்டு லிட்டரைத் தள்ளினால் கிடைக்கும் ஒளி பாதிதான். தண்ணீர் அழகாக வரும், பச்சை விளக்கு எரியும், கிருமி உயிரோடு இருக்கும். யூ.வி.க்கு பம்ப் போட்டால் கருவியில் எழுதியிருக்கும் ஓட்ட அளவுக்கு மேல் போகாதபடி ஃப்ளோ கன்ட்ரோல் போட்டே ஆக வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலும் போனில் ஸ்டாப்வாட்சும் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

மாட்டும்போது

வேலை என்னவோ ஒரு மணி நேரம்தான். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுத் தொடங்குங்க. பம்பின் இடம் ப்ரீ-ஃபில்டருக்குப் பின், மெம்பிரேனுக்கு முன். மணல் நேராக பம்புக்குள் போனால் வால்வு சீக்கிரம் தேயும் என்பதால் முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம். இன், அவுட் அம்புக்குறியைப் பாருங்க, மாற்றி மாட்டுவதுதான் வீட்டில் செய்பவர்களின் முதல் தவறு. ட்யூபை பிளேடால் நேராக வெட்டி, தடை தட்டும் வரை உள்ளே தள்ளணும். சாய்வாக வெட்டிய ட்யூப் இன்றைக்குக் கசியாது, பத்து நாள் கழித்து ராத்திரி கசியும். பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப் நான்கைந்து சுற்று போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வாய் விரிந்துவிடும்.

சோலனாய்டு வால்வு இல்லாமல் பம்ப் மட்டும் மாட்டாதீங்க. பம்ப் நின்றாலும் மேல்தொட்டி அழுத்தத்தில் தண்ணீர் அதன் வழியாகவே நுழைந்து, மெம்பிரேனைத் தாண்டி, கழிவுக் குழாயில் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வால்வின் வயரும் பம்பின் வயரும் ஒன்றாக இணைந்து, மிதவை ஸ்விட்ச் வழியாக அடாப்டருக்குப் போக வேண்டும். டேங்க் நிறைந்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

அடுத்தது மும்பைக்கே உரிய சிக்கல். இங்கே தண்ணீர் வருவது ஒரு நாளில் சில மணி நேரம்தான். மதியம் தொட்டி காலியானால் பம்ப் வெறுமனே ஓடிச் சூடாகும். இதைத் தடுக்க லோ பிரஷர் ஸ்விட்ச் போடச் சொல்வார்கள், சரியான யோசனைதான். ஆனால் அந்த ஸ்விட்ச் பொதுவாக 3 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள் ஏதோ ஓர் அளவில்தான் பம்பை ஓட விடும். மேல் தளத்தில் மொத்தமே 4 இருக்கும்போது பம்ப் தொடங்கவே தொடங்காது. "புது பம்பும் போச்சு" என்று மெக்கானிக் சொல்லும் வீடுகளில் சிலவற்றில் நடப்பது இதுதான். அழுத்தம் குறைந்த வீடுகளில் மூலத் தொட்டிக்குள்ளேயே ஒரு மிதவை ஸ்விட்ச் தொங்கவிடுவது நல்லது. தண்ணீர் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும்.

அடாப்டருக்குள் நுழைவது 230 வோல்ட். சிங்க் அடியில் தரையில் கிடத்தாமல், கசிந்தாலும் நனையாத உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்க. பம்புக்கு அடியில் ரப்பர் கட்டை. பழைய கட்டடங்களின் சுவர் வழியாக அதன் உறுமல் பக்கத்து வீட்டுப் படுக்கையறை வரை போகும், காலை ஐந்து மணிக்கு அதைக் கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

மாநகராட்சிக் குழாயில் நேரடி மோட்டார்: ஏன் கூடாது?

தாராவியில் 'பூஸ்டர் பம்ப்' என்று கேட்டால் ஃபில்டர் பம்பை யாரும் காட்ட மாட்டார்கள். காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் சந்துகளில் கேட்கும் உறுமல்தான் அங்கே பூஸ்டர். அரை எச்.பி. மோட்டார், துல்லு பம்ப் என்றால் எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மாட்டி இழுப்பது. இது விதிமீறல், கண்டுபிடித்தால் மாநகராட்சி மோட்டாரைப் பறிமுதல் செய்யும், இணைப்பையும் துண்டிக்கலாம்.

போடுபவர்களைத் திட்டுவது சுலபம். லேபர் கேம்ப்பிலோ தொண்ணூறு அடி சாலையின் உட்சந்துகளிலோ கடைசி வீட்டில் இருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். முன்னால் இருப்பவர் மோட்டார் போட்டுவிட்டால் பின்னால் இருப்பவரின் குழாயில் காற்றுதான் வரும். அவரும் போடுவார், அடுத்தவரும் போடுவார். கடைசியில் போட வசதியில்லாதவர் குடத்தோடு காத்திருப்பார். மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை, பக்கத்து வீட்டுப் பங்கைத்தான் இழுக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து குழாய்க்குள் இருக்கிறது. சாதாரணமாகக் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும், ஏனென்றால் உள்ளே அழுத்தம் அதிகம். மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதை விடக் கீழே போகும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். சந்துகளில் அந்த மெல்லிய குழாய்கள் பல இடங்களில் சாக்கடையை ஒட்டியும் அதற்குள்ளேயும் ஓடுகின்றன. பாண்டுப்பில் சுத்தமாகப் புறப்பட்ட தண்ணீர் கடைசி ஐம்பது அடியில் கெடுவது இப்படித்தான். மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் இதே வழி. இழுத்தவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அதே குழாயில் இருக்கும் எல்லா வீட்டுக்கும்.

ஃபில்டரின் சின்ன பம்புக்கும் இதே விதிதான். அது இழுப்பது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்றாலும் தெருக் குழாயில் நேரடியாக மாட்டக் கூடாது. முதலில் தண்ணீர் தன் போக்கில் வந்து டிரம்மிலோ தொட்டியிலோ விழட்டும், பம்ப் அதிலிருந்து எடுக்கட்டும். சொசைட்டிகளிலும் அதே ஏற்பாடுதான்: கீழ்த் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து மோட்டார் மூலம் மாடிக்கு. தொட்டிக்குப் பின்னால் மோட்டார் போடலாம், முன்னால் போடக் கூடாது.

தாராவியில் ஒற்றை அறை வீட்டுக்கு என் யோசனை இன்னும் எளிது: பம்ப்பே வேண்டாம், ஆர்.ஓ.வும் வேண்டாம். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நன்றாக ஓடும் ஆர்.ஓ.கூட 34 லிட்டர் வரை கொட்டும். வரிசையில் நின்று பிடித்த இரண்டு குடத்துக்கு மேல். மேலே ஊற்றினால் கீழே இறங்கும் யூ.எஃப். ஃபில்டருக்கு மின்சாரமோ அழுத்தமோ தேவையில்லை, சொட்டுத் தண்ணீர் வீணாவதில்லை. அது பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கும், வைரஸை முழுக்கத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் மழைக்காலத்திலும், தண்ணீர் கலங்கியோ நாறியோ வரும் நாட்களிலும், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தாலும், வடித்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்க. தண்ணீர் நாறினால் வார்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தாராவிக்கு ஜி-நார்த், மாட்டுங்காவுக்கு எஃப்-நார்த், செம்பூருக்கு எம்-வெஸ்ட். ஒரு வீட்டுப் புகாரை விடச் சந்தில் பத்து வீடு சேர்ந்து எழுதிக் கொடுத்தால் குழாயைத் தோண்டிப் பார்க்க ஆள் வருவார்கள்.

மாட்டிய பிறகு

புது பம்ப் ஓடத் தொடங்கியதும் முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்க. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ஒரு இரவு விடுங்க. காலையில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறதோ அங்கே மறுபடி வெட்டி மாட்டணும். ஒரு லிட்டர் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, தேதியோடு ஃபில்டரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வையுங்க. என் வீட்டு ஃபில்டரில் இப்போது அப்படி ஐந்து வரிகள் இருக்கின்றன. போன ஜூலையில் ஐந்து நிமிடம் ஒன்பதானபோது மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, கிண்ணத்தைத் திறந்து கட்டையை மாற்றினேன். மறுபடி ஐந்து.